முப்பத்தொரு கையெழுத்து

பிப்ரவரி 4

அன்புள்ள வாண்டுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நன்றாக இருக்கிறோம். அண்ணியின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பது இன்னும் நடக்கிறதா?

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை போடுகிறோம் என்று அம்மா போட்ட சட்டப்படி இதையும் கடிதமாகவே எழுதுகிறேன்.

ஜூனில் அங்கீகாரக் குழு எங்கள் கல்லூரிக்கு வருகிறது. பதினோரு வருடத்துக்கு முன் நான் இந்த உடற்பயிற்சி அறிவியல் துறையைத் தொடங்கியபோது உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கும் அறையைத்தான் கொடுத்தார்கள். ஒரு ட்ரெட்மில், ஒரு எடைக்கருவி. ட்ரெட்மில் ஓடினால் பக்கத்து வகுப்பில் சுவர்ச் சுண்ணாம்பு உதிரும். இப்போது நான்கு ட்ரெட்மில், ஈசிஜி, மூச்சை அளக்கும் கருவி எல்லாம் இருக்கின்றன. ஆனால் சட்டம் மாறிவிட்டது. அங்கீகாரம் இல்லாத துறையில் படித்தவர்கள் இனி உரிமத் தேர்வே எழுத முடியாது. இறுதியாண்டில் என்னிடம் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள்.

சுயமதிப்பீட்டு அறிக்கை முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். நூலகத்தில் எத்தனை நாற்காலி என்பது வரைக்கும் அதில் உண்டு. ஒரே இடத்தில்தான் இடிக்கிறது. ஒவ்வொரு மாணவரும் ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில், உண்மையான நோயாளிகளோடு, நூற்றிருபது மணி நேரம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரி போன வருடம் அந்தப் பிரிவையே மூடிவிட்டது. நீ உன் ஆஸ்பத்திரியில் இதயப் பிரிவின் சோதனைக்கூடப் பொறுப்பாளர். உன்னை விட்டால் எனக்கு யார்?

விடுமுறையில் ஐந்தைந்து பேராக ரயில் ஏற்றிவிடுகிறேன். இத்துடன் முப்பத்தொரு படிவம் வைத்திருக்கிறேன். நீ கையெழுத்தும் முத்திரையும் மட்டும் போட்டு அனுப்பு. பெயர், தேதி, மணிக்கணக்கெல்லாம் பிள்ளைகள் வந்துபோன பிறகு நான் நிரப்பிக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவையும் தபாலில் போய் வர நேரம் போதாது.

அம்மாவின் கண் ஆபரேஷன் தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
அண்ணன்

*

பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாண்டு எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் சுகம். நாற்பத்துநான்கு வயதில், ஏழு பேருக்கு மேலதிகாரியாக இருப்பவளை வாண்டு என்று உறைமேலேயே எழுதி அனுப்புகிறாய். தபால்காரர் வாசலில் நின்று சிரிக்கிறார்.

மாத்திரை தலையணையிலிருந்து பூச்சட்டிக்கு மாறிவிட்டது. செடி நன்றாக வளர்கிறது. கண் ஆபரேஷன் மார்ச் இரண்டாம் வாரம். பத்து நாள் லீவு போட்டிருக்கிறேன்.

முப்பத்தொரு தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருபதாவது தாளுக்கு மேல் என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி, ஒண்ணும் எழுதாத தாள்ல போடுற?" என்றாள். அண்ணன் கேட்டான் என்றேன். "அவனா, அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

எங்கள் தலைமை மருத்துவரிடம் பேசிவிட்டேன். ஐந்து பேர் வரலாம், கூட்டம் போடக் கூடாது என்றார். பிள்ளைகள் தங்க ஆஸ்பத்திரி விடுதியில் இரண்டு அறை சொல்லி வைத்திருக்கிறேன். எந்தத் தேதி என்று மட்டும் முன்கூட்டியே சொல்.

அண்ணியை முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்.

அன்புத் தங்கை

*

மே 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு இப்போது கண் அபாரமாகத் தெரிகிறது. கூரையில் இருக்கும் ஒட்டடையெல்லாம் எனக்குத்தான் வினை.

உன் மாணவர்கள் ஒருவரும் வரவில்லையே. விடுதி அறையை இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டேன். ஐந்து வெள்ளைக் கோட்டு துவைத்து ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன். வேறு ஆஸ்பத்திரி கிடைத்துவிட்டதா? அப்படியென்றால் ஒரு வரி எழுதிவிடு, கோவித்துக்கொள்ள மாட்டேன். படிவங்களைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அறிக்கை எழுதுகிறேன் என்று சாப்பிடாமல் கிடக்காதே.

வாண்டு

*

ஜூலை 2

அன்புள்ள வாண்டுக்கு,

ஐந்து வருடம்! முழு ஐந்து வருட அங்கீகாரம்.

மூன்று பேர் வந்தார்கள். ஒரு அம்மா ட்ரெட்மில்லின் அடியில் குனிந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். ஒருவர் மாணவர்களை வரிசையாக நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். என் பிள்ளைகள் பட்பட்டென்று பதில் சொன்னார்கள். மூன்றாமவர் கோப்புகளை மட்டும் புரட்டினார். கடைசி நாள் அந்த அம்மா என் கையைப் பிடித்து, "ஒரு பழைய பெஞ்சு ரூம்ல ஆரம்பிச்சதுன்னு சொன்னாங்க, நம்பவே முடியல சார்" என்றார். நான் பாத்ரூமுக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

முப்பத்தொரு பேரும் உரிமத் தேர்வு எழுதிவிட்டார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியாயிற்று. அண்ணி அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். படத்தில் அவள் சிரிக்கவில்லை. முழங்கால் வலியாம்.

அம்மாவின் கண்ணைப் பற்றிக் கேட்கச் சந்தோஷம்.

அன்புடன்,
அண்ணன்

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், உங்கள் நலத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன். உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை அவளே வாசித்தாள்.

பயிற்சி எங்கே நடந்தது என்று கேட்டிருந்தேன். சந்தோஷத்தில் மறந்துவிட்டாய் போல.

ஒரு செய்தி. உன் மாணவி ஒருத்தி போன வாரம் எங்கள் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். உயரமாக, ஒற்றைப் பின்னலோடு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பெண். அலுவலகம் எடுத்து அனுப்பியது. எனக்கே முதல் நாள்தான் தெரியும். வந்ததும் என்னிடம், "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றாள். எதுக்கும்மா என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். உன் தங்கை என்பதால் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். நல்ல பெண். மின்முனைகளை நோயாளியின் நெஞ்சில் ஒட்டும்போது முதலில் தன் விரலைச் சூடு செய்துகொள்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது, நீயா?

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

வாண்டு

*

செப்டம்பர் 14

அன்புள்ள வாண்டுக்கு,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காருவேன், யாராவது வந்துவிடுவார்கள். நாங்கள் சுகம்தான்.

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். கெட்டிக்காரி. ஆனால் கொஞ்சநாள் அவளைத் தனியாக விடாதே. பக்கத்திலேயே வைத்துக்கொள். நோயாளியை ஓடவிடும்போது நீயும் கூடவே நில். புதுசு என்பதால் சொல்கிறேன். வேறு ஒன்றுமில்லை.

முதலாண்டில் இந்த முறை அறுபது பேர் சேர்ந்திருக்கிறார்கள். நாற்காலி போதவில்லை.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

அக்டோபர் 8

அண்ணாவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை எங்கள் சோதனைக்கூடத்தில் ஒருவர் விழுந்துவிட்டார். நேற்றுக் காலை போய்விட்டார்.

தையற்காரர். ஐம்பத்தெட்டு வயது. மாடி ஏறினால் நெஞ்சு பிடிக்கிறது என்று வந்தவர். ட்ரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். நாங்கள் தினமும் பத்துப் பேருக்குச் செய்வது. நீ சொன்னபடி இரண்டு வாரத்துக்கு மேல் அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே நின்றேன். அன்று இரண்டு பேர் லீவு. கீழே ஒரு கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் பக்கத்து அறையில்தான் இருந்தார். இருபது நிமிடம்தானே என்று போனேன்.

மூன்றாவது கட்டத்தில் அவருடைய ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. நூற்றைம்பதிலிருந்து நூற்றிருபத்தெட்டு. அவள் கைப்பட்டை நழுவிவிட்டது என்று நினைத்து மறுபடி சுற்றி அளந்திருக்கிறாள். நூற்றுப் பத்து. கருவி பழுது என்று நினைத்து வேறு கருவியை எடுக்கத் திரும்பியிருக்கிறாள். அதற்குள் ட்ரெட்மில் தன்பாட்டுக்கு வேகம் கூடி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. அவர் விழுந்த சத்தம் கேட்டுத்தான் டாக்டர் ஓடி வந்தார். மின் அதிர்ச்சி கொடுத்து இதயத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் அவர் கண் திறக்கவில்லை.

நான் மேலே வந்தபோது அவள் சுவரோரம் நின்று கைப்பட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். "ப்ரஷர் ஏறத்தானே மேடம் செய்யும்? இறங்குமா?" என்று என்னைக் கேட்டாள்.

அண்ணா, இது முதல் பாடம் இல்லையா? நடக்க நடக்க அழுத்தம் ஏற வேண்டும். இறங்கினால் அந்த நொடியே நிறுத்து. நூற்றிருபது மணி நேரம் நோயாளிகளோடு நின்றவளுக்கு இது எப்படித் தெரியாமல் போகும்? எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாய்? அங்கே அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? விசாரணை இருக்கிறது. எனக்கு அது தெரிய வேண்டும். உடனே எழுது.

வெளியே பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை. அதற்குள் அவருடைய செருப்பு.

தங்கை

*

அக்டோபர் 16

அண்ணாவுக்கு,

உன் பதில் வரவில்லை. அம்மா சுகம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு மறந்துபோவேன்.

நேற்று விசாரணை. அலுவலக அதிகாரி அந்தப் பெண்ணின் கோப்பை மேசைமேல் விரித்துவைத்தார். பயிற்சிப் படிவம். நான் முதலில் முத்திரையைத்தான் பார்த்தேன். எங்கள் முத்திரையைப் போலவே இருக்கிறதே என்று தோன்றியது. எங்கள் முத்திரைதான்.

"இது உங்க கையெழுத்துதானே மேடம்?" என்றார்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? என்னுடையதுதான்.

மார்ச் மூன்றாம் தேதியிலிருந்து இருபத்தெட்டு வரை, தினமும் ஆறு மணி நேரம், என் சோதனைக்கூடத்தில், என் மேற்பார்வையில். அந்த மார்ச்சில் பத்து நாள் நான் அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். சோதனைக்கூடத்தில் கால்கூட வைக்கவில்லை. கீழே மதிப்பீட்டுப் பட்டியல். நோயாளியிடம் பேசுதல், நன்று. கருவிகளைக் கையாளுதல், நன்று. ஆபத்து அறிகுறி கண்டதும் சோதனையை நிறுத்துதல், மிக நன்று. உன் கையெழுத்து, அண்ணா. நீ 'மிக' என்று எழுதும்போது 'மி'யின் மேல்வளைவைச் சுழித்துவிடுவாயே, அது.

அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. யாரும் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. கல்லூரியிலேயே ஒருவரை ஒருவர் ஓடவைத்துப் பழகினார்களாம். "எங்களுக்கெல்லாம் இருபது வயசு மேடம். யாருக்கும் ப்ரஷர் இறங்கினதே இல்ல" என்றாள். அப்புறம், "நீங்க தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டீங்கன்னு நெனச்சேன். அதான் அன்னைக்குத் தேங்க்ஸ் சொன்னேன்" என்றாள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் தண்ணீர் கொண்டுவந்தாள்.

தனியாக விடாதே என்று எழுதினாய். ஏன் என்று எழுதவில்லை.

வரும் திங்கட்கிழமை மறுபடி கூப்பிடுகிறார்கள்.

தங்கை

*

நவம்பர் 9

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணி எழுதுவது. நீயும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் இரண்டு கடிதமும் வந்து சேர்ந்தன. அவர் படித்தார். தினமும் கல்லூரிக்குப் போகிறார், வருகிறார், சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். உனக்கு எழுதத் தாள் எடுத்து வைத்திருக்கிறார். தாள் அப்படியே இருக்கிறது. முதல் கடிதம் வந்த அன்று என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்தத் தையக்காரருக்குப் பசங்க இருக்காங்களா?" எனக்கு எப்படித் தெரியும்?

நான் உனக்கு வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ அவரை மட்டும் நினைத்துக்கொண்டிருப்பாய். அந்தப் படிவங்களை அவர் எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் நிரப்பினார். இரண்டு சாயங்காலம். எதிரே நாட்காட்டியோடு உட்கார்ந்து தேதி வாசித்தது நான். ஞாயிற்றுக்கிழமை விழுந்துவிடாமல் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். ஒரு ஞாயிறு விழுந்துவிட்டது, நான்தான் கண்டுபிடித்தேன், "நல்ல வேளை" என்று இருவரும் சிரித்தோம். நீ லீவில் இருந்தது என் நினைவுக்கே வரவில்லை.

பிள்ளைகள் மூன்று வருடம் படித்தது வீணாகிவிடக் கூடாது என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. யாருடைய பொருளையும் எடுக்கவில்லையே என்று நினைத்தேன். ஒரு ஆள் சாவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

நீ விசாரணையில் என்ன சொன்னாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அத்தையிடம் மட்டும் இப்போது சொல்லாதே. அவர் அதை நினைத்துத்தான் நடுங்குகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

நவம்பர் 21

வாண்டு,

நான் நலம் என்று எழுதினால் நீ தாளைக் கிழிப்பாய். அதனால் எழுதவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளை அனுப்பத்தான் நினைத்தேன். அதை நம்பு. முதல் ஐந்து பேருக்கு டிக்கெட்கூட எடுத்தேன். அந்த வாரமே தேர்வுத் தேதியை முன்னால் கொண்டுவந்தார்கள். கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "கோப்பு முழுசா இருந்தா துறை இருக்கும், இல்லேன்னா அறையைப் பூட்டிச் சாவியைக் குடுத்துடுங்க" என்றார். உன் கையெழுத்து என் மேசை இழுப்பறையில் இருந்தது. முப்பத்தொன்று. முதல் படிவத்தில் பெயர் எழுதியதும் பேனாவை மூடிவைத்துவிட்டேன். ஐந்தாவதில் மூடவில்லை. பத்தாவதில், யாருக்கு 'நன்று', யாருக்கு 'மிக நன்று' என்று உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்துவிட்டேன், உண்மையாகவே அவர்கள் எல்லோரையும் பார்த்தவன் மாதிரி. அந்தப் பெண் பொறுமைசாலி, ஆபத்தென்றால் நிறுத்திவிடுவாள் என்று நானே முடிவு செய்து எழுதினேன்.

அவள் உன்னிடம் சேர்ந்திருக்கிறாள் என்று நீ எழுதியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மையை எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். கடைசியில் அந்த அரைகுறை வரியை எழுதி அனுப்பினேன். ஏன் என்பதையும் எழுதியிருந்தால் நீ அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்க மாட்டாய். இதை நான் தினமும் நினைக்கிறேன்.

நாளைக் காலை அங்கீகாரக் குழுவின் அலுவலகத்துக்குப் போகிறேன். எல்லாப் படிவங்களின் நகலும் எடுத்துக்கொண்டேன். உன் கையெழுத்தையும் நானே போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். முத்திரையும் நான் செய்தது என்று சொல்கிறேன். நீ அங்கே, அது என் கையெழுத்தே இல்லை என்று மாற்றிச் சொல்லிவிடு. உனக்கு இன்னும் பதினாறு வருட வேலை இருக்கிறது. இதையாவது எனக்குச் செய்ய விடு.

அண்ணன்

*

ஜனவரி 20

அண்ணாவுக்கு,

அம்மா நடமாடிக்கொண்டிருக்கிறாள். நானும் வேலைக்குப் போய் வருகிறேன். அண்ணிக்கு என் கடிதத்தைக் காட்டு.

உன் கடிதம் வந்து சேரும் முன்பே விசாரணையில் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெறும் தாளில் போட்டேன், என் அண்ணன் கேட்டார், கேள்வி கேட்காமல் போட்டேன் என்று. முன்பே வந்திருந்தாலும் நீ சொன்னபடி செய்திருக்க மாட்டேன். என் கையை யாரும் பிடித்து எழுதவில்லை. மே மாதம் ஒருவரும் வரவில்லை என்று தெரிந்தபோதே நான் உலுக்கிக் கேட்டிருக்க வேண்டும். ஐந்து கோட்டையும் எடுத்து மடித்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் நான் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடக் கூடாது. நான் பழக்கிய பையன் இப்போது எனக்கு மேலதிகாரி. என்னைப் பார்த்தால் எழுந்து நின்றுவிடுகிறான், நான் உட்கார் என்று சைகை காட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணின் உரிமத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். தினமும் வந்து ஓரமாக நின்று மற்றவர்கள் செய்வதைப் பார்க்கிறாள். நூற்றிருபது மணி நேரத்தில் நாற்பத்தொன்று ஆகியிருக்கிறது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அண்ணி கோபித்துக்கொள்ளட்டும். அம்மா உன் கடிதம், அண்ணி கடிதம் எல்லாவற்றையும் வாங்கித் தானே வாசித்தாள். அழவில்லை, திட்டவில்லை. கடிதங்களை மடித்துவைத்துவிட்டு, "அந்த வீட்டுக்குப் போனியா?" என்று கேட்டாள். போகவில்லை என்றேன். அதன்பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை, மேலே வீடு. தையல் இயந்திரத்தில் ஒரு சட்டையின் கை பாதி தைத்தபடி நிற்கிறது. ஊசியை யாரும் தூக்கவில்லை. தையற்காரரின் மனைவி என்னைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன்: அந்தப் பெண்ணுக்குப் பயிற்சி கிடையாது, இருந்ததாகத் தாளில் கையெழுத்துப் போட்டது நான், எழுதி நிரப்பியது என் அண்ணன். அழாமல் சொல்லி முடிக்க வேண்டும் என்று வழியெல்லாம் பழகிக்கொண்டு போனேன். முடித்துவிட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவர் நடுவுல ரெண்டு தடவ கையைத் தூக்கினாரும்மா. போதும்னு. கண்ணாடி வழியா நான் பாத்தேன். அந்தப் பொண்ணு குனிஞ்சு மெஷினைப் பாத்துட்டு இருந்துச்சு. எழுந்து போய்க் கதவைத் தட்டலாமான்னு நெனச்சேன். சுவத்துல சர்ட்டிபிகேட்டெல்லாம் வரிசையா மாட்டியிருந்துச்சு. தெரிஞ்சவங்கதான் செய்றாங்க, நாம போய் எதையாவது கெடுத்துடக் கூடாதுன்னு உக்காந்துட்டேன்."

அண்ணா, அவர் மூன்று மாதமாகத் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எழுந்து போய்க் கதவைத் தட்டவில்லை என்று.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. இதை உனக்குச் சொல்லாமலிருக்கவும் முடியவில்லை.

பிள்ளைகள் உண்டா என்று கேட்டாயாம். ஒரு மகள். கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

வாண்டு

*

ஏப்ரல் 6

அன்புள்ள வாண்டுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு இத்தனை நாளாகிவிட்டது. அண்ணி சுகம். எனக்குக் கொஞ்சம் எடை குறைந்திருக்கிறது, அலைச்சல்தான் காரணம். அம்மா என் கடிதத்தைத் தொடுவாளா என்று தெரியவில்லை. கேட்டால், நமஸ்காரம் சொன்னேன் என்று சொல்.

அங்கீகாரத்தை ரத்துசெய்துவிட்டார்கள். கீழ் வகுப்புப் பிள்ளைகளை வேறொரு கல்லூரிக்கு மாற்றியாயிற்று. கருவிகளும் அவர்களோடு போய்விட்டன. கடைசி ட்ரெட்மில்லை லாரியில் ஏற்றும்போது நானும் ஒரு கை பிடித்தேன். என்மேல் வழக்கு இருக்கிறது, ஜூனில் தொடங்கும். வேலையை முன்பே ராஜினாமா செய்துவிட்டேன்.

உன்னிடம் இருக்கும் பெண்ணைத் தவிர மற்ற முப்பது பேர். அவர்களுடைய உரிமத்தை நிறுத்தி, படிவத்தில் இருந்த பழைய முகவரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தார்கள். பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்று அங்கீகாரக் குழுவிடம் பட்டியல் இல்லை. அதனால் நானே கிளம்பினேன். ஜனவரியிலிருந்து ஊர் ஊராகப் போகிறேன். பதின்மூன்று பேர் இந்த வேலையிலேயே இல்லை. மேலே படிக்கிறார்கள், பள்ளியில் விளையாட்டு வாத்தியார், ஒருவன் கடை வைத்திருக்கிறான். பதினாறு பேர் ஆஸ்பத்திரிகளில். ஒவ்வோர் இடத்திலும் மேலதிகாரியைப் பார்த்து, இவர்களுக்குப் பயிற்சி இல்லை, தனியாக விடாதீர்கள், ஏனென்றால் படிவத்தை எழுதியது நான் என்று சொல்லிவிட்டு வருகிறேன். இந்தத் தடவை காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு மாணவனின் அப்பா என் சட்டையைப் பிடித்தார். நான் கையை எடுக்கச் சொல்லவில்லை.

ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் என் மாணவனைத் தேடிப் போனேன். உங்கள் மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். "சார், இங்க நான்தான் இன்சார்ஜ்" என்று சிரித்தான். அந்த ஊரில் அந்தக் கருவியை இயக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தானாம். ஏழு மாதத்தில் இருநூறு பேரை நடக்கவைத்திருக்கிறான். தையற்காரரைப் பற்றிச் சொன்னேன். நூற்றைம்பது, நூற்றிருபத்தெட்டு, நூற்றுப் பத்து. அவன் அப்படியே ட்ரெட்மில்லின் மேல் உட்கார்ந்துவிட்டான். "சார், எனக்கு ரெண்டு தடவ அப்படி இறங்கியிருக்கு. மெஷின் கோளாறுன்னு நான் பேட்டரியை மாத்தினேன்" என்றான். அந்த இரண்டு பேரும் தாங்களாகவே களைத்துப்போய் இறங்கிவிட்டார்களாம். அதனால் தப்பித்தார்கள். அன்றே அறையைப் பூட்டச் சொல்லிச் சாவியை டாக்டரிடம் கொடுக்கவைத்துவிட்டு வந்தேன்.

இருபத்தொன்பது பேர் கிடைத்துவிட்டார்கள். ஒருத்தி கிடைக்கவில்லை. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, நான் இருமினால்கூட எழுதிக்கொள்ளும் பெண். அவளுக்கு எல்லாப் பத்தியிலும் 'மிக நன்று' போட்டிருந்தேன். கூடப் படித்தவர்களிடம் அவளுடைய புது எண் இல்லை. நேற்று அவள் வீட்டைத் தேடிப் போனேன். பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"பொண்ணுக்கு வேலை கெடைச்சு அம்மாவும் பொண்ணும் போயிட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரியாம், கண்ணாடி ரூமாம், தினம் பதினஞ்சு பேர் வர்றாங்களாம்" என்றார் பெருமையாக.

எந்த ஊர் என்று கேட்டேன்.

"ஊரு பேரு சொன்னாங்க சார், வாயில வரமாட்டேங்குது" என்றார்.

வாசலிலேயே நின்றேன். அப்போது காலை பதினொரு மணி. அந்நேரம் அவள் யாரையாவது நடக்கவைத்துக்கொண்டிருப்பாள்.

நாளை மறுபடி கிளம்புகிறேன். பெரிய ஆஸ்பத்திரிகளின் பட்டியல் ஒன்று வாங்கியிருக்கிறேன். உனக்குத் தெரிந்தவர்களிடமும் கேள். உயரம் குறைவு, கண்ணாடி போட்டிருப்பாள், இடது கையால் எழுதுவாள். கிடைத்தால் கடிதம் எழுதாதே. போன் செய்.

அம்மாவைப் பார்த்துக்கொள். நீயும் பத்திரமாக இரு.

அண்ணன்